மில்லுக்குப் பெரிய ஃபைல் மட்டும் போகவில்லை: ப்ரொவைடரின் லேயர்-2 லைன் மேல் சொந்த எம்பிஎல்எஸ்

பெர்ணாம்_கரை எழுதியது:

வணக்கம். பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்ட நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். தலைமை ஆபீஸ் ஈப்போவில். தோட்ட ஆபீஸ் இங்கே. பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் மில் ஆற்றோரமாகச் சில மைல் தள்ளி இருக்கிறது. போன வருஷம் பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தை வாங்கினார்கள், அதுவும் சேர்ந்துகொண்டது. மூன்று இடத்திலிருந்தும் ஈப்போவுக்கு ஒரே ப்ரொவைடரின் லேயர்-2 விபிஎன் லைன், ஒவ்வொன்றும் 50 எம்பிபிஎஸ். ஈப்போவில் ஒவ்வொரு லைனும் தனித் தனி போர்ட்டில் இறங்குகிறது. விலான் டேக் (ஒரே லைனில் பல வலைகளைப் பிரித்துக் காட்டும் குறி) கிடையாது. ப்ரொவைடர் எங்கள் ஐபியைத் தொடுவதே இல்லை. ஃபிரேமை, அதாவது ஈதர்நெட் டேட்டாக் கட்டை, இங்கே வாங்கி அங்கே கொடுப்பதோடு சரி.

அதன் மேல் எங்கள் சொந்த எம்பிஎல்எஸ் ஓடுகிறது, அதாவது பாக்கெட்டில் லேபல் ஒட்டி வழி காட்டும் முறை. வழி கண்டுபிடிக்க ஓஎஸ்பிஎஃப், லேபல் பரிமாற எல்டிபி, தனித் தனி வலைகளின் ரூட்டைச் சுமக்க பிஜிபி விபிஎன். ஆபீஸ், எடைப்பாலம், கேமரா, மில் கன்ட்ரோல், தொழிலாளர் வைஃபை என்று விஆர்எஃப்கள், அதாவது ஒன்றோடொன்று கலக்காத தனி ரூட்டிங் அட்டவணைகள். எல்லா அண்டைத் தொடர்பும் மேலே வந்துவிட்டது, ரூட்டும் சரியாகத் தெரிகிறது. தோட்ட ஆபீஸிலிருந்து ஈப்போ சர்வருக்கு எல்லாம் நன்றாகப் போகிறது. மில்லிலிருந்து ஈப்போவுக்கும் அப்படியே. ஆனால் தோட்ட ஆபீஸுக்கும் மில்லுக்கும் நடுவில் மட்டும் தகராறு. பிங் போகிறது. எடைப்பாலத் திரையைத் திறந்தால் பாதி வந்து நின்றுவிடுகிறது. ஃபைல் காப்பி தொடங்கி அப்படியே தொங்குகிறது.

லைன் சுத்தமாக இருக்கிறது என்று ப்ரொவைடர் சொல்லிவிட்டார்கள். இங்கே லோரிகள் மில் வாசலில் நிற்கின்றன, கிராணி (எழுத்தர்) எடைச் சீட்டைக் கையால் எழுதுகிறார். வெட்டிய பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போடாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கே பார்ப்பது?


ஈப்போ_ரவுட்டர் எழுதியது:

தம்பி, கான்ஃபிகை எதுவும் மாற்றாதீர்கள். முதலில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். எடைப்பாலம் விஆர்எஃப்புக்குள் இருந்தே, துண்டாக்கக் கூடாது என்ற கொடியைப் போட்டு பிங் அடியுங்கள். 1472 பைட் டேட்டாவில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறையுங்கள். 1472-உடன் ஐபி, ஐசிஎம்பி ஹெட்டர் 28 சேர்ந்தால் சரியாக 1500. மில்லுக்கு எந்த அளவில் பதில் வருகிறது, ஈப்போவுக்கு எந்த அளவில் வருகிறது என்ற இரண்டு எண்ணும் வேண்டும். ரவுட்டர் முகவரிக்கு அடிக்காதீர்கள், விஆர்எஃப் உள்ளே இருக்கும் கணினிக்கு அடியுங்கள். இல்லையென்றால் லேபல் எண்ணிக்கை மாறிப்போகும்.


பெர்ணாம்_கரை எழுதியது:

அண்ணே, ஈப்போவுக்கு 1472 தாராளமாகப் போகிறது. மில்லுக்கு 1468 போகிறது, 1469 போகவில்லை. பிழைச் செய்தி எதுவும் திரும்பி வரவில்லை, வெறும் டைம்அவுட்தான்.


ஈப்போ_ரவுட்டர் எழுதியது:

இந்த 4 பைட் வித்தியாசம்தான் பதில்.

ஒரு எம்பிஎல்எஸ் லேபல் 32 பிட், அதாவது 4 பைட். லேபல் எண்ணுக்கு 20 பிட், சேவைத் தரத்துக்கு 3, அடுக்கின் கடைசியா இல்லையா என்று சொல்ல 1, பாக்கெட் முடிவில்லாமல் சுற்றாமல் தடுக்கும் டிடிஎல்லுக்கு 8. 2001-இல் வந்த ஆர்எஃப்சி 3032 வகுத்த அமைப்பு இது, இன்றுவரை அதேதான். பிஜிபி விபிஎன் என்றால் ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு லேபல் என்று எல்லோரும் படித்திருப்போம்: வெளியே பாதைக்கான லேபல், உள்ளே விஆர்எஃப்புக்கான லேபல். ஆனால் உங்கள் வடிவத்தில் எப்போதும் இரண்டு இருக்காது.

தோட்ட ஆபீஸ் ரவுட்டருக்கு ஈப்போ ரவுட்டர் நேரடி அண்டை வீடு. ஈப்போ தன் முகவரிக்கு எல்டிபியில் கொடுப்பது இம்ப்ளிசிட் நல். 'எனக்கு வரும் பாக்கெட்டில் வெளி லேபல் போடாதே' என்பதுதான் அதன் பொருள். ஆகவே தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் போகும் பாக்கெட்டில் விஆர்எஃப் லேபல் ஒன்றுதான். 1500 கூட்டல் 4, மொத்தம் 1504.

தோட்டத்திலிருந்து மில்லுக்குப் போகும்போது ஈப்போ நடுவில் நிற்கிறது. மில் முகவரிக்கு ஈப்போ ஒரு நிஜ லேபல் கொடுத்திருக்கும். தோட்டத்திலிருந்து கிளம்பும்போது இரண்டு லேபல், 1508. ஈப்போ வெளி லேபலைக் கழற்றிவிட்டு மில்லுக்கு 1504 ஆக அனுப்பும். இடம் போதாமல் போவது முதல் பாதியில்தான். மில்லிலிருந்து திரும்பி வரும்போது மில் லைனில் அதே கதை.

ஆக, ப்ரொவைடர் லைன் 1504 வரை விடுகிறது, 1505-ஐக் கொட்டிவிடுகிறது. கொட்டுவது ஒரு சுவிட்ச். அதற்கு ஐபி தெரியாது, 'பாக்கெட் பெரிசு' என்று யாருக்கும் தகவல் அனுப்பாது. பாதையின் எம்டியூவை, அதாவது துண்டாகாமல் போகும் மிகப் பெரிய பாக்கெட் அளவைக் கண்டுபிடிக்கும் வழிமுறை அந்தத் தகவலை நம்பித்தான் இயங்குகிறது. அதனால்தான் டிசிபி இணைப்பு திறக்கிறது, சின்ன பாக்கெட் எல்லாம் போய் வருகிறது, முதல் முழு அளவு பாக்கெட்டில் தொங்கிவிடுகிறது.

லோரி நிற்கிறது என்கிறீர்கள், அதனால் இன்றைக்கே செய்யக்கூடியது: லைனைப் பார்க்கும் இன்டர்ஃபேஸில் எம்பிஎல்எஸ் எம்டியூவை 1504 என்று வையுங்கள். மைக்ரோடிக் என்றால் அதன் தொடக்க மதிப்பு 1508. ரவுட்டர் இடம் இருக்கிறது என்று நம்பி அனுப்புகிறது. 1504 என்று உண்மையைச் சொல்லிவிட்டால், 1496-ஐத் தாண்டும் பாக்கெட்டுக்கு உங்கள் ரவுட்டரே கணினிக்கு ஐசிஎம்பி தகவல் அனுப்பும். ஐசிஎம்பியைத் தடுக்கும் ஃபயர்வால் நடுவில் இருக்கலாம் என்பதால் டிசிபி எம்எஸ்எஸ்ஸையும் (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு) 1456-க்குக் கட்டிவிடுங்கள். 1496-இலிருந்து ஐபி, டிசிபி ஹெட்டர் 40 கழித்த கணக்கு.

இது ஒட்டுப்போடுவதுதான். சரியான தீர்வு ப்ரொவைடரிடம் எம்டியூவைக் கூட்டிக் கேட்பது.


பெர்ணாம்_கரை எழுதியது:

அண்ணே, எம்எஸ்எஸ் போட்ட உடனே எடைப்பாலத் திரை திறந்துவிட்டது! கிராணி பெரிய கும்பிடு போடச் சொன்னார். ப்ரொவைடரிடம் என்ன வார்த்தையில் கேட்பது? 'எம்டியூ 1522 இருக்கிறதே, 1508-ஐவிட அதிகம்தானே' என்று சொல்லிவிட்டார்கள்.


கிள்ளான்_கேபிள் எழுதியது:

நான் ப்ரொவைடர் பக்கம் வேலை பார்த்தவன். அந்த 1522-ஐ விளக்குகிறேன், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே சொல்லை வைத்து வேறு வேறு பொருளைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவர்கள் சொல்வது ஃபிரேமின் முழு நீளம். ஈதர்நெட் தலைப்பு 14, கடைசியில் சரிபார்ப்புக்கு 4, ஒரு விலான் டேக்குக்கு 4, உள்ளே 1500. மொத்தம் 1522. நீங்கள் டேக் இல்லாமல் கொடுப்பதால் டேக்குக்கு ஒதுக்கிய 4 பைட் சும்மா கிடக்கிறது. உங்கள் முதல் லேபல் போய் உட்கார்ந்தது அங்கேதான். 1504-இல் நின்றதன் காரணம் அதுதான். நாளைக்கே நீங்கள் டேக் போட ஆரம்பித்தால் அந்த இடமும் போய், ஈப்போவுக்குப் போவதும் நின்றுவிடும்.

எம்டியூ எவ்வளவு என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இப்படி எழுதுங்கள்: 'ஈதர்நெட் தலைப்பும் விலான் டேக்கும் சரிபார்ப்பு 4 பைட்டும் நீங்கலாக, உள்ளடக்கம் 1600 பைட் துண்டாகாமல், விழாமல், இரு திசையிலும் போக வேண்டும்.' சாதனங்களுக்கு 9000-க்கு மேல்கூட விடும் திறன் இருக்கும். சேவையின் டெம்ப்ளேட்டில் பழைய எண் இருக்கும், அவ்வளவுதான். கூடவே இன்னும் இரண்டு கேளுங்கள். எம்பிஎல்எஸ் பாக்கெட்டைக் குறிக்கும் ஈதர்டைப் ஹெக்ஸ் 8847 எந்த வடிகட்டியிலும் தடுக்கப்படாது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், அவர்களுடைய உள் வலையில் கன்ட்ரோல் வேர்ட் (லேபலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் வைக்கும் 4 பைட்) போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்வி ஏன் என்றால், ப்ரொவைடரும் உங்கள் ஃபிரேமைத் தன் எம்பிஎல்எஸ்ஸுக்குள் போட்டுத்தான் தூக்கிப்போகிறார். நடுவில் உள்ள ரவுட்டர், லேபலுக்கு அடுத்து வரும் முதல் நான்கு பிட்டைப் பார்த்து 4 என்றால் ஐபிவி4, 6 என்றால் ஐபிவி6 என்று ஊகித்துப் பாரத்தைப் பல கேபிள்களில் பிரிக்கும். கன்ட்ரோல் வேர்ட் இல்லாத இடத்தில் அது பார்ப்பது சேருமிடத்தில் உள்ள உங்கள் ரவுட்டரின் மேக் முகவரி. அது 4 அல்லது 6-இல் தொடங்கினால் ஊகம் தப்பி, பாக்கெட்டுகள் வரிசை குலைந்து வரும். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8469 கன்ட்ரோல் வேர்டைப் போடச் சொல்லி இதற்காகவே எழுதப்பட்டது. ஒரே மாடல் ரவுட்டர் ஒரு இடத்தில் நன்றாகவும் இன்னோர் இடத்தில் மோசமாகவும் ஓடினால் மேக் முகவரியின் முதல் எழுத்தைப் பார்க்க மறக்காதீர்கள்.


செம்பனைக்காடு எழுதியது:

எல்லோரும் அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான்கு இடத்துக்கு எம்பிஎல்எஸ் எதற்கு? ஒவ்வொரு லைனிலும் விஆர்எஃப்புக்கு ஒரு விலான், விலானுக்கு ஓர் ஓஎஸ்பிஎஃப். லேபல் கிடையாது, எல்டிபி கிடையாது. ப்ரொவைடர் டேக்கை அப்படியே சுமந்தால் போதும், 1522 ஃபிரேமுக்குள் எல்லாம் அடங்கிவிடும். என் கவலை தொழில்நுட்பம் பற்றியது இல்லை. தோட்டப்புறத்தில் இந்த வேலைக்கு ஓர் ஆள்தான் இருப்பார். அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கும்போது மில் லைன் விழுந்தால், ஃபோனில் இன்னொருவருக்கு விலானைப் புரியவைக்கலாம். லேபல் மேப்பைப் புரியவைக்க முடியுமா?


பெர்ணாம்_கரை எழுதியது:

கோபம் எல்லாம் இல்லை அண்ணே, நிர்வாகமும் இதையேதான் கேட்டது. இரண்டு காரணம்.

பீடோர் தோட்டத்தை வாங்கியபோது அங்கே இருந்த வலையும் எங்கள் வலையும் ஒரே 192.168.1 முகவரி. கேமராவிலிருந்து சம்பளக் கணினிவரை அந்த முகவரியிலேயே இருந்தன. அதைத் தனி விஆர்எஃப்பில் போட்டு ஒன்றும் உடையாமல் உள்ளே கொண்டுவந்தோம். இன்னும் தோட்டம் வாங்குவார்கள் என்று பேச்சு இருக்கிறது. விலான் வழியில் ஒவ்வொரு புது விஆர்எஃப்புக்கும் எல்லா லைனிலும் இரண்டு முனையிலும் வேலை. பிஜிபி விபிஎன்னில் இரண்டு ரவுட்டரில் எழுதினால் முடிந்தது, நடுவில் இருக்கும் ஈப்போவுக்கு அந்த விஆர்எஃப் இருப்பதே தெரிய வேண்டாம்.

இரண்டாவது, முன்பு ப்ரொவைடரின் லேயர்-3 சேவையில் இருந்தோம். ஒரு ரூட் சேர்க்க மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். இப்போது ரூட்டிங் முழுக்க எங்கள் கையில்.

ஆள் பற்றிச் சொன்னது நியாயம். மில் சார்ஜ்மேன் ஒருவர் ஆர்வமாகக் கேட்கிறார், அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.


செம்பனைக்காடு எழுதியது:

முகவரி மோதல் என்றால் சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று விஆர்எஃப்புக்குக் கீழே இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு எம்பிஎல்எஸ் போட வேண்டாம்.


தாப்பா_நெட் எழுதியது:

தம்பி, அடுத்து உங்களுக்கு ஒரு யோசனை வரும்: எல்லாம் ஈப்போவைச் சுற்றிப் போவானேன், ப்ரொவைடரிடம் எல்லாரும் எல்லாரையும் பார்க்கும் பல்முனைச் சேவையை வாங்கிவிட்டால் தோட்டமும் மில்லும் நேராகப் பேசிக்கொள்ளுமே என்று. வாங்கலாம். லேபலும் ஒன்றாகக் குறையும். ஆனால் அதை வெறும் ஈதர்நெட் சுவிட்ச் மாதிரி நினைத்து ஓஎஸ்பிஎஃப்பை அதன் தொடக்க வகையில் விடாதீர்கள்.

அந்தச் சேவை உள்ளே ஜோடி ஜோடியான குழாய்களால் ஆனது. தோட்டத்துக்கும் மில்லுக்கும் இடையில் உள்ள ஒரு குழாய் மட்டும் செத்தால், இருவரும் ஈப்போவைப் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஈப்போதான் டிஆர் (வலையின் சார்பாக அறிவிக்கும் ரவுட்டர்) என்றால் ஓஎஸ்பிஎஃப் 'மூவரும் ஒரே வலையில் இருக்கிறார்கள்' என்று அறிவித்தபடியே இருக்கும். தோட்ட ரவுட்டர் மில்லுக்கு நேராக அனுப்பும், அது எங்கேயும் போய்ச் சேராது. எந்த அலாரமும் அடிக்காது. ஓஎஸ்பிஎஃப்பைப் பாயின்ட்-டு-மல்டிபாயின்ட் வகையில் வைத்தால் ஒவ்வோர் அண்டைத் தொடர்பும் தனியாகக் கணக்கில் வரும். நேர் வழி செத்தால் ஈப்போ வழியாகச் சுற்றிப் போகும். சுற்றிப் போகும்போது லேபல் மறுபடி இரண்டு ஆகிவிடும் என்பதால் எம்டியூவை எப்போதும் இரண்டு லேபலுக்கே கணக்குப் பண்ணுங்கள்.

ஓஎஸ்பிஎஃப் எம்டியூவைச் சரிபார்க்குமே என்று சிலர் நம்புகிறார்கள். அது இரண்டு முனையிலும் எழுதிவைத்த எண்ணை மட்டும் ஒப்பிடும், நடுவில் ப்ரொவைடர் எவ்வளவு விடுகிறார் என்பது அதற்குத் தெரியாது. ஓஎஸ்பிஎஃப் மாதிரியே இன்னொரு ரூட்டிங் முறையான ஐஎஸ்-ஐஎஸ் இந்த விஷயத்தில் மேல். அது ஹலோ பாக்கெட்டையே முழு எம்டியூ அளவுக்கு நிரப்பி அனுப்பும், லைன் விடாவிட்டால் அண்டைத் தொடர்பே வராது. இன்டர்ஃபேஸ் எம்டியூவை 1508 என்று வைத்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

இன்னும் ஒன்று, இது நம் நாட்டு மழைக்கு ரொம்ப முக்கியம். பேராக்கில் சாயங்கால இடிக்கு எங்கோ ஒரு மீடியா கன்வெர்ட்டர் போகும். லைன் நடுவில் அறுந்திருக்கும், உங்கள் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் உங்கள் கேபிள் போவது பக்கத்தில் உள்ள ப்ரொவைடர் பெட்டிக்கு. ஓஎஸ்பிஎஃப் தானாகக் கண்டுபிடிக்க 40 வினாடி ஆகும். லைன் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சின்ன பாக்கெட் அனுப்பிப் பார்க்கும் பிஎஃப்டி போடுங்கள். ஆனால் 50 மில்லிவினாடி என்றெல்லாம் இழுக்க வேண்டாம், ப்ரொவைடர் உள்ளே ஒரு பாதை மாற்றினாலே உங்கள் லைன் விழுந்து விழுந்து எழும். 300 மில்லிவினாடி, மூன்று முறை தவறினால் கீழே என்று வைத்தால் ஒரு வினாடிக்குள் தெரிந்துவிடும்.

லைன் திரும்பி வரும்போது ஓஎஸ்பிஎஃப் முதலில் எழும், எல்டிபி கொஞ்சம் பின்னால் எழும். அந்த இடைவெளியில் மாற்று வழி இருந்தாலும் ட்ராஃபிக் இந்த லைனுக்குத் திரும்பி, லேபல் இல்லாமல் விழும். அதற்கு எல்டிபி-ஐஜிபி சிங்க் என்ற வசதி இருக்கிறது, ஆர்எஃப்சி 5443. எல்டிபி வரும்வரை அந்த லைனின் காஸ்ட்டை (வழித் தேர்வுக்கான மதிப்பு; கூடினால் அந்த வழி தவிர்க்கப்படும்) உச்சத்தில் வைத்திருக்கும்.


பெர்ணாம்_கரை எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. பிஎஃப்டி இன்றே போடுகிறேன். மில்லில் ரேடியோவை ஐபி ஃபோனாக மாற்றியிருக்கிறோம். கேமரா ட்ராஃபிக் ஏறினால் குரல் வெட்டுகிறது. ப்ரொவைடர் டிஎஸ்சிபி என்ற முன்னுரிமைக் குறியைப் பார்த்து முன்னுரிமை கொடுப்பதாக எழுதியிருக்கிறார்கள், நாங்களும் குறியிட்டுத்தான் அனுப்புகிறோம்.


கிள்ளான்_கேபிள் எழுதியது:

டிஎஸ்சிபி இருப்பது ஐபி தலைப்பில். உங்கள் ஃபிரேமைத் திறந்தால் ப்ரொவைடர் பெட்டிக்குத் தெரிவது 8847, அதற்குப் பின் லேபல். ஐபி அதற்கும் உள்ளே. அதனால் உங்கள் குரலும் கேமராவும் எல்லாமே கடைசி வரிசைக்குத்தான் போகின்றன.

அவர்கள் பார்க்கக்கூடிய குறி விலான் டேக்கில் இருக்கும் 802.1பி-யின் மூன்று பிட். உங்கள் லேபலில் உள்ள மூன்று பிட்டை அதற்கு நகல் எடுக்கச் சொல்லி ரவுட்டரில் எழுதலாம். அதற்கு டேக் வேண்டும், டேக் போட்டால் நான் முன்பே சொன்ன 4 பைட் போகும். ஆகவே எம்டியூ கூடி வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை இது. அதற்கு முன் தொடாதீர்கள்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது ஷேப்பர், அதாவது அனுப்பும் வேகத்தை ரவுட்டரிலேயே கட்டுவது. போர்ட் 1 ஜிகாபிட், வாங்கியிருப்பது 50 மெகாபிட். ரவுட்டர் ஜிகாபிட் வேகத்தில் ஒரு வீச்சாக அனுப்பும், ப்ரொவைடரின் பொலிசர் எது குரல் எது கேமரா என்று பார்க்காமல் மிச்சத்தை வெட்டும். உங்கள் ரவுட்டரிலேயே 47, 48-க்குக் கட்டி, அதற்குள் குரலை முதல் வரிசையில் வையுங்கள். பொலிசர் ஈதர்நெட் தலைப்பு, லேபல் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். ஃபோன் பாக்கெட் சின்னது என்பதால் இந்தக் கூடுதல் அதில் பெரிய விகிதம், அதனால்தான் 50-க்குக் கொஞ்சம் கீழே.


பெர்ணாம்_கரை எழுதியது:

எல்லோருக்கும் செய்தி. கிள்ளான் அண்ணன் சொன்ன வாசகத்தை அப்படியே எழுதி அனுப்பினேன். முதலில் 'இந்தச் சேவையில் அப்படி இல்லை' என்றார்கள். பிங் அளவு எண்களையும் லேபல் கணக்கையும் சேர்த்து மறுபடி அனுப்பிய பிறகு அவர்களுடைய பொறியாளர் ஒருவரே கூப்பிட்டார், நல்ல மனிதர். மூன்று லைனுக்கும் உள்ளடக்கம் 1600 என்று கடிதத்தில் வந்துவிட்டது. ராத்திரி மாற்றினார்கள். எம்பிஎல்எஸ் எம்டியூவை 1600 ஆக்கி, எம்எஸ்எஸ் கட்டை எடுத்துவிட்டு, மில்லுக்கு 1472 அடித்தேன், இரு திசையிலும் போகிறது. டேக்கும் 802.1பி-யும் அடுத்த வாரம்.

ஒரு கடைசிக் கேள்வி. எம்பிஎல்எஸ்ஸில் மறையாக்கம் இல்லை, ப்ரொவைடர் நினைத்தால் எல்லாம் தெரியும் என்று கணக்காய்வாளர் எழுதியிருக்கிறார். சம்பள விவரம் இந்த லைனில்தான் போகிறது. லைனில் போகும் ஃபிரேமையே மறையாக்கும் மேக்செக் போடலாமா?


ஈப்போ_ரவுட்டர் எழுதியது:

கணக்காய்வாளர் சொன்னது சரி. எம்பிஎல்எஸ் பிரித்து வைக்கும், மறைத்து வைக்காது. போடலாம், உங்கள் ரவுட்டர் மாடல் அதற்கு இடம் கொடுத்தால்.

மேக்செக் அதிகபட்சம் 32 பைட் கேட்கும். 1508 கூட்டல் 32, 1540. நாளைக்கு மில் கன்ட்ரோலுக்கு லேயர்-2 குழாய் தேவைப்பட்டாலும், உள் ஈதர்நெட் தலைப்பு 14, உள் டேக் 4, கன்ட்ரோல் வேர்ட் 4, லேபல் 8 எல்லாம் சேர்ந்து 1530, மேக்செக்குடன் 1562. வாங்கிய 1600-க்குள் இருக்கிறீர்கள்.

சிக்கல் வேறு இடத்தில். சாவி பரிமாறும் பாக்கெட்டுகள் போகும் முகவரி 01-80 என்று தொடங்கும் ஒதுக்கப்பட்ட மல்டிகாஸ்ட். நடுவில் உள்ள சுவிட்ச்கள் அதைத் தாண்டவிடாது. அண்டைச் சாதனத்தை அறியும் எல்எல்டிபி, லைன்களை ஒன்றாகக் கட்டும் எல்ஏசிபி பல லைன்களில் அந்தப் பக்கம் போகாததும் இதே காரணத்தால்தான். சேருமிட முகவரியை மாற்ற ரவுட்டரில் வழி இருக்கிறதா என்று பாருங்கள், பிராட்காஸ்ட் முகவரிக்கு மாற்றினால் தாண்டும். இன்னொன்று, விலான் டேக்கை மறையாக்கத்துக்கு வெளியே விடும் வசதி வேண்டும், இல்லையென்றால் ப்ரொவைடருக்கு 802.1பி தெரியாது, ஃபோன் குரல் மறுபடி வெட்டும்.

இந்த இரண்டும் உங்கள் மாடலில் இல்லையென்றால் சம்பள விஆர்எஃப்பை மட்டும் ஐபி பாக்கெட்டை மறையாக்கும் ஐபிசெக்கில் போடுங்கள். அந்த ட்ராஃபிக் ரொம்பச் சின்னது, அதற்காக எல்லா லைனிலும் ரவுட்டர் மாற்ற வேண்டியதில்லை. மாடல் எண்ணை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.